ஆட்சி மாறினால் என்ன மிஞ்சும்? பூர்வகுடிகளுடன் நல்லிணக்கம்: ஆஸ்திரேலியாவின் முன்னுள்ள வழிகள்

2023 அக்டோபர் 14 அன்று ஆஸ்திரேலிய மக்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கப்பட்டது. அபாரிஜினல் மக்களையும் டோரஸ் நீரிணைத் தீவு மக்களையும் நாட்டின் முதல் குடிகளாக ஏற்று, நாடாளுமன்றத்துக்கும் அரசுக்கும் ஆலோசனை சொல்ல 'குரல்' என்ற அமைப்பை அரசியலமைப்பில் எழுதிவைக்கலாமா? நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றார்கள். ஆறு மாநிலங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. தலைநகர் கான்பெரா இருக்கும் பிரதேசம் மட்டும் சரி என்றது.

அதற்குப் பிறகு தலைவர்கள் பலரும் இந்தப் பேச்சையே எடுப்பதில்லை. வாயைத் திறந்தால் வாக்கு போய்விடும் என்ற பயம். ஆனால் பிரச்சினை அப்படியே இருக்கிறது. சிறைகளில் பூர்வகுடிகள் அவர்களுடைய மக்கள்தொகைக்குப் பொருந்தாத அளவில் நிரம்பிக் கிடக்கிறார்கள். பெற்றோரிடமிருந்து பிரித்து அரசுப் பராமரிப்பில் வைக்கப்படும் குழந்தைகளிலும் அதே கதை. பூர்வகுடிகளுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்க 2020-ல் எல்லா மாநிலங்களும் சேர்ந்து ஒப்புக்கொண்ட திட்டத்தில் இப்போதுள்ள 19 இலக்குகளில் சரியான பாதையில் போவது நான்கைந்துதான்.

ஆகவே ஏதாவது ஒரு வழியைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். மன்னிப்புக் கேட்டு நலத்திட்டங்களைத் தொடர்வது, உண்மை ஆணையம் அமைப்பது, சாதாரணச் சட்டத்தின் மூலம் ஆலோசனை அமைப்பு உருவாக்குவது, மறுபடி பொதுவாக்கெடுப்புக்குப் போவது, உடன்படிக்கை செய்துகொள்வது. இவை எல்லாமே எங்கேயாவது ஒரு நாட்டில் நடத்திப் பார்க்கப்பட்டவை. எந்த வழி உன்னதமானது என்று பேச ஆரம்பித்தால் முடிவே வராது. நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இதைச் செய்த தலைவர் அடுத்த தேர்தலில் தோற்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலையில் பூர்வகுடிகளின் கையில் என்ன மிஞ்சியிருக்கும்?

இது நமக்குத் தூரத்துச் சங்கதியும் அல்ல. ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் குடியுரிமை பெற்ற தமிழர்கள் இந்த முடிவுகளில் வாக்குரிமை உள்ளவர்கள். மெல்பர்னில் இருப்பவர்களுக்கு 2026 நவம்பர் மாநிலத் தேர்தலில் இதே கேள்வி நேரடியாகவே வருகிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

மன்னிப்பு

2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் 'திருடப்பட்ட தலைமுறை'யிடம் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அபாரிஜினல் குழந்தைகளை அரசே தாய்மாரிடமிருந்து பிடுங்கி விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்த்த கொள்கைக்கான மன்னிப்பு அது. அந்தக் கொடுமையை விசாரித்த அறிக்கை 1997-லேயே வந்துவிட்டது. அப்போதைய பிரதமர் ஜான் ஹோவர்ட் கடைசிவரை மன்னிப்புக் கேட்க மறுத்தார். 2000 மே மாதம் சிட்னி துறைமுகப் பாலத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் நல்லிணக்கத்துக்காக நடந்து போனபோதும் அவர் அசையவில்லை.

ரட் பேசிய அன்று பார்வையாளர் மாடத்தில் இருந்தவர்கள் அழுதார்கள். அடுத்துப் பேசிய எதிர்க்கட்சித் தலைவர் பிரெண்டன் நெல்சனும் ஆதரித்துத்தான் பேசினார். ஆனாலும் அவர் பேச்சின் தொனி பிடிக்காமல், வெளியே திரையில் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் முதுகைத் திருப்பிக்கொண்டது. எதிர்க்கட்சி முன்வரிசையிலிருந்து பீட்டர் டட்டன் அவைக்கே வரவில்லை. பதினைந்து ஆண்டு கழித்து அதற்கு அவர் வருத்தம் தெரிவித்தார். தெரிவித்த அதே ஆண்டில், எதிர்க்கட்சித் தலைவராக 'குரல்' யோசனையைத் தோற்கடிப்பதில் முன்னின்றார்.

சரி, மன்னிப்பில் மிஞ்சியது என்ன? பாதிக்கப்பட்டவர்களுக்கு அது பெரிய ஆறுதல்; அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மத்திய அரசு இழப்பீடு எதையும் அதோடு சேர்க்கவில்லை. மத்திய அரசின் நேரடி ஆளுகையில் இருந்த பிரதேசங்களில் பிரிக்கப்பட்டவர்களுக்கு 75,000 டாலரும் சிறு கூடுதல் தொகையும் என்று திட்டம் அறிவிக்கப்பட்டது 2021-ல், ஸ்காட் மாரிசன் ஆட்சியில். பதின்மூன்று ஆண்டு இடைவெளியில் எத்தனையோ பேர் இறந்துபோனார்கள்.

கனடாவிலும் இப்படித்தான். 2008 ஜூன் 11 அன்று பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர், பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துச் சேர்த்த உறைவிடப் பள்ளிகளுக்காக மன்னிப்புக் கேட்டார். பூர்வகுடித் தலைவர்களை அவையின் நடுவிலேயே உட்காரவைத்துக் கேட்ட மன்னிப்பு. அடுத்த ஆண்டே ஒரு பன்னாட்டு மாநாட்டில், கனடாவுக்குக் காலனிய வரலாறே கிடையாது என்று அவர் பேசிவிட்டுப் போனார். மன்னிப்பு ஒரு நாளில் முடிந்துவிடும். அதன் விலையைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. தனி வழியாக இதை நான் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன். வேறொன்றின் பகுதியாக வந்தால் சரி.

உண்மை ஆணையம்

ஆணைக்குழு என்ற சொல்லைக் கேட்டாலே ஈழத் தமிழர்களுக்கு ஒரு சலிப்பு வரும். சாட்சி சொல்லி, கண்ணீர் விட்டு, அறிக்கை அலமாரிக்குள் போன அனுபவம் நிறைய. அந்தச் சலிப்போடு கனடாவைப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியும். அங்கே உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் எந்தத் தலைவரின் கருணையிலும் பிறந்ததல்ல. உறைவிடப் பள்ளிகளில் படித்தவர்கள் ஆயிரக்கணக்கில் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றத்தில் ஏற்பட்ட தீர்வின் ஒரு ஷரத்தாக ஆணையம் வந்தது. அதே தீர்வில், பள்ளியில் இருந்த முதல் ஆண்டுக்கு 10,000 டாலர், அடுத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 3,000 டாலர் என்று பணமும் வந்தது. பணம், விசாரணை இரண்டும் ஒரே ஒப்பந்தத்தில் இருந்ததால் ஹார்ப்பர் ஆட்சியால் அதைக் கைவிட முடியவில்லை.

மரி சின்க்ளேர் தலைமையில் ஆறாயிரத்துக்கும் அதிகமான சாட்சிகளைக் கேட்டு, 2015-ல் 94 பரிந்துரைகளோடு ஆணையம் முடிந்தது. அந்தப் பள்ளிகளில் சுமார் ஒன்றரை லட்சம் குழந்தைகள் சேர்க்கப்பட்டிருந்தார்கள் என்பதும், ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பவில்லை என்பதும் இன்று கனடாவில் பள்ளிக்கூடப் பாடம். இது மிஞ்சியது. ஆனால் 94 பரிந்துரைகளையும் நிறைவேற்றுவேன் என்று சொல்லி ஆட்சிக்கு வந்த ஜஸ்டின் ட்ரூடோ பதவி விலகியபோது பெரும்பகுதி அரைகுறையாகவே கிடந்தது. பூர்வகுடிக் குடியிருப்புகளில் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்ற நீண்டகால எச்சரிக்கைகளை 2021 மார்ச்சுக்குள் ஒழிப்பேன் என்றார், அதுவும் முடியவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 30-ஐ உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாளாக அறிவித்துவிட்டு, முதல் ஆண்டு அந்த நாளிலேயே கடற்கரை ஊருக்கு விடுமுறையில் போய், அப்புறம் மன்னிப்புக் கேட்டார்.

ஆஸ்திரேலியாவில் இதைவிட மோசம். குயின்ஸ்லாந்து நாடாளுமன்றம் 2023 மே மாதம் உடன்படிக்கைப் பாதைக்கும் உண்மை விசாரணைக்கும் சட்டம் போட்டது. எதிர்க்கட்சியும் சேர்ந்தே வாக்களித்தது. அக்டோபரில் பொதுவாக்கெடுப்பு தோற்றதும் அந்தக் கட்சி ஆதரவை விலக்கிக்கொண்டது. அடுத்த ஆண்டு ஆட்சியைப் பிடித்தது. 2024 நவம்பரில் சட்டத்தையே ரத்து செய்தது. விசாரணை தொடங்கிச் சாட்சிகள் பேச ஆரம்பித்துச் சில வாரம்தான் ஆகியிருந்தது. பேசுவதற்கு மனதைத் தயார்செய்து காத்திருந்த முதியவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்?

மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் யூருக் நீதி ஆணையம் மட்டும் முழுசாக ஓடி முடிந்தது. அதற்கு விசாரணை ஆணையத்துக்குரிய அதிகாரம் இருந்தது. அமைச்சர்களையும் காவல்துறைத் தலைவரையும் சாட்சிக் கூண்டில் உட்காரவைத்தது. 2024 ஏப்ரலில் மாநில முதல்வர் ஜெசிந்தா ஆலன் அதன் முன் வந்து, தான் வளர்ந்த ஊர்ப்பக்கத்தில் நடந்த படுகொலைகள் பற்றித் தனக்குத் தெரியாமலே இருந்தது வெட்கமாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். 2025 ஜூலையில் 100 பரிந்துரைகளோடு இறுதி அறிக்கை வந்தது.

உண்மை ஆணையம் தனியாக நின்றால் மிஞ்சுவது வரலாறு மட்டும். வழக்கோடும் பணத்தோடும் கட்டப்பட்டிருந்தால் அதற்கு உயிர் கெட்டி.

சட்டத்தால் அமைந்த ஆலோசனை அமைப்பு

பொதுவாக்கெடுப்பு போனால் போகிறது, நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இருக்கிறதே, ஒரு சட்டம் போட்டு 'குரலை' அமைத்துவிடலாமே என்று சொல்பவர்கள் உண்டு. ஆஸ்திரேலியா இதை ஏற்கெனவே செய்துவிட்டது. 1990-ல் தொடங்கிய ஏட்சிக் (ATSIC) என்ற பூர்வகுடி ஆணையம் தேர்ந்தெடுக்கப்பட்ட வட்டார அவைகளோடு, திட்டங்களுக்கான பணத்தையும் கையாண்டது. உள்குழப்பங்கள் வந்தன, தலைவர்கள் மேல் புகார்கள் வந்தன. திருத்துவதற்குப் பதில் 2005-ல் ஹோவர்ட் அரசு மொத்தமாகக் கலைத்துவிட்டது. லேபர் கட்சியும் அப்போது கலைப்பதற்கே ஆதரவு. ஒரு அமைச்சகத்தில் ஊழல் என்றால் அமைச்சரை மாற்றுவார்கள். பூர்வகுடி அமைப்பில் குறை என்றால் அமைப்பையே எடுத்துவிடுவார்கள்.

நியூசிலாந்தில் அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கான சுகாதார ஆணையம் 2022-ல் சட்டப்படி தொடங்கி, ஆட்சி மாறியதும் 2024-ல் மூடப்பட்டது. இரண்டு ஆண்டு ஆயுள். தெற்கு ஆஸ்திரேலியாவில் பீட்டர் மலினாஸ்கஸ் அரசு 2023-ல் மாநில அளவில் 'குரல்' சட்டம் கொண்டுவந்து, 2024 மார்ச்சில் தேர்தலும் நடத்தியது. தகுதியுள்ள பூர்வகுடி வாக்காளர்களில் பத்துக்கு ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. அதைக் காட்டி இது தேவையற்ற அமைப்பு என்று எதிராளிகள் பேசினார்கள். கொஞ்சம் யோசித்தால், வெறும் ஆலோசனை சொல்லும் அமைப்புக்கு யார் வரிசையில் நின்று வாக்களிப்பார்கள்? நம்மூர் கிராம சபையில் எடுக்கும் தீர்மானத்தை அதிகாரி மதிப்பாரென்றால் கூட்டம் வரும்; மதிக்க மாட்டாரென்றால் டீ குடிக்க மட்டும் வரும்.

அதனால் இந்த வழிக்கு என் மதிப்பெண் குறைவு. செலவு குறைவு, சீக்கிரம் செய்யலாம், சீக்கிரம் கலைக்கவும் செய்யலாம்.

மறுபடி பொதுவாக்கெடுப்பா?

கலைக்க முடியாமல் இருக்கத்தான் அரசியலமைப்பில் எழுத வேண்டும் என்று 2017-ல் உலுருவில் கூடிய பூர்வகுடிப் பிரதிநிதிகள் கேட்டார்கள். ஏட்சிக் கலைக்கப்பட்டதைப் பார்த்தவர்கள் அவர்கள். கோரிக்கையில் நியாயம் இருந்தது. அன்றைய பிரதமர் மால்கம் டர்ன்புல் சில மாதங்களிலேயே நிராகரித்தார். 2022 மே மாதம் வெற்றி பெற்ற இரவில் அந்தோணி அல்பனீசி அதை முழுமையாக நிறைவேற்றுவதாக வாக்களித்தார்.

ஆஸ்திரேலியாவில் அரசியலமைப்பைத் திருத்த, நாடு முழுவதும் பெரும்பான்மையும் ஆறில் நான்கு மாநிலங்களில் பெரும்பான்மையும் வேண்டும். 2023-ஐயும் சேர்த்து 45 முறை கேட்டு எட்டு முறைதான் கிடைத்திருக்கிறது. இரண்டு பெரிய கட்சிகளும் கைகோக்காமல் ஒன்றும் ஜெயித்ததில்லை. 1967-ல் பூர்வகுடிகளை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கவும் அவர்களுக்காக மத்திய அரசு சட்டம் இயற்றவும் கேட்டபோது 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு கிடைத்தது. அன்று எதிர்ப் பிரசாரம் என்று பெரிதாக ஒன்றுமே இல்லை. 2023 ஏப்ரலில் டட்டன் எதிர்ப்பை அறிவித்த நாளிலேயே அல்பனீசிக்கு விளைவு தெரிந்திருக்க வேண்டும். வாக்குக் கொடுத்துவிட்டோம், பூர்வகுடித் தலைவர்கள் கேட்கிறார்கள், போய்த்தான் ஆக வேண்டும் என்று போனார். நேர்மைதான். ஆனால் தோல்வியின் விலையை அவர் கொடுக்கவில்லை. 2025-ல் இன்னும் பெரிய பெரும்பான்மையோடு திரும்பவும் பிரதமரானார். விலை கொடுத்தவர்கள் வட பிரதேசத்தின் தொலைதூரக் குடியிருப்புகளில் 80, 90 சதவீதம் 'ஆம்' என்று வாக்களித்த மக்கள். குயின்ஸ்லாந்தில் சட்டம் ரத்தானதும் இந்தத் தோல்வியின் தொடர்ச்சிதான்.

பூர்வகுடிகளுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்ததையும் மறைக்கக் கூடாது. ஜசிந்தா நம்பிஜின்பா பிரைஸ் போன்றோர் இது மக்களை இனவாரியாகப் பிரிக்கும் என்றார்கள். செனட்டர் லிடியா தோர்ப் நேர் எதிர்த் திசையிலிருந்து, அதிகாரமில்லாத ஆலோசனைக் குழு எதற்கு, முதலில் உடன்படிக்கை கொடு என்றார். இரண்டாமவர் எழுப்பிய கேள்விக்கு அரசிடம் நல்ல பதில் இருக்கவில்லை.

இன்னொன்று. அரசியலமைப்பில் எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? நார்வேயில் அங்குள்ள பூர்வகுடிகளான சாமி மக்களின் உரிமை 1988-லேயே அரசியலமைப்பில் ஏறிவிட்டது. அடுத்த ஆண்டு அவர்களுக்கென நாடாளுமன்றமும் வந்தது. ஆனால் ஃபோசென் என்ற இடத்தில் அவர்களுடைய கலைமான் மேய்ச்சல் நிலத்தில் காற்றாலைகள் முளைத்தன. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவற்றுக்கான அனுமதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருந்தன. 500 நாள் கழித்து, 2023 பிப்ரவரியில் சாமி இளைஞர்கள் ஆஸ்லோவில் எரிசக்தி அமைச்சகத்தின் வாசலையும் உள்கூடத்தையும் மறித்து உட்கார்ந்த பிறகுதான் அரசு மன்னிப்புக் கேட்டது. அதன் பிறகு இழப்பீடு, மாற்று மேய்ச்சல் நிலம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். காற்றாலைகளை எடுக்கவில்லை.

இந்தப் பத்தாண்டில் இன்னொரு பொதுவாக்கெடுப்புக்குப் போவது பைத்தியக்காரத்தனம் என்பது என் கருத்து. கேள்வி நியாயமானதாக இருப்பதால் மட்டும் வாக்கு விழாது.

உடன்படிக்கை, நிலம், பணம்

இப்போது எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன்.

1975 ஆகஸ்ட் 16 அன்று பிரதமர் கஃப் விட்லம், குரிஞ்சி மக்களின் தலைவர் வின்சென்ட் லிங்கியாரியின் உள்ளங்கையில் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டார். அந்தப் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. முதலில் கொட்டகை நிழலில் நடந்தது படத்துக்கு எடுபடாது என்று, புகைப்படக்காரர் மெர்வின் பிஷப் இருவரையும் வெயிலுக்கு வரச்சொல்லி மறுபடி ஊற்றவைத்து எடுத்த படம் அது. 1966-ல் வேவ் ஹில் மாட்டுப் பண்ணையிலிருந்து வேலையை விட்டு வெளியேறி, ஒன்பது ஆண்டு போராடியவர்களுக்கு அன்று கிடைத்தது குத்தகைப் பத்திரம்தான். விட்லம் அதோடு நிற்காமல் வட பிரதேசத்துக்கான நில உரிமை மசோதாவையும் கொண்டுவந்தார். மூன்றே மாதத்தில் அவருடைய ஆட்சி கலைக்கப்பட்டது. பிறகு நடந்ததைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: எதிர்க்கட்சியிலிருந்து பிரதமராகிவிட்ட மால்கம் ஃபிரேசர், சில மாற்றங்களோடு அதே சட்டத்தை 1976-ல் நிறைவேற்றினார். இன்று வட பிரதேசத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ பாதி அந்தச் சட்டத்தின்கீழ் அபாரிஜினல் மக்களின் நிலம். ஐம்பது ஆண்டில் எத்தனையோ பிரதமர்கள் வந்து போய்விட்டார்கள், நிலம் போகவில்லை.

படத்தில் இருப்பவர் விட்லம். ஆனால் நிலம் நின்றது ஃபிரேசரின் கையெழுத்தில்.

நியூசிலாந்திலும் இதே பாணி. பிரிட்டிஷ் முடியரசும் மாவோரித் தலைவர்களும் 1840-ல் செய்துகொண்ட வைத்தாங்கி உடன்படிக்கையை மீறிய குறைகளைக் கேட்க 1975-ல் தீர்ப்பாயம் அமைந்தது லேபர் ஆட்சியில். 1840 வரை பின்னோக்கி விசாரிக்கும் அதிகாரம் 1985-ல் கிடைத்தது, அதுவும் லேபர். ஆனால் பெரிய தீர்வுகளில் முதலில் கையெழுத்திட்டது வலதுசாரி நேஷனல் கட்சி. பிரதமர் ஜிம் போல்ஜர், அமைச்சர் டக் கிரகாம் இருவரும் 1995-ல் வைக்காட்டோ-தைனுய் மக்களோடு 17 கோடி டாலர் மதிப்புள்ள தீர்வுக்கு வந்தார்கள். 1860-களின் போருக்குப் பின் பறிக்கப்பட்ட சுமார் பன்னிரண்டு லட்சம் ஏக்கருக்கான ஈடு. மன்னிப்பு அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருந்தது. இரண்டாம் எலிசபெத் ராணி வெலிங்டனுக்கு வந்திருந்தபோது தன் கையாலேயே ஒப்பமிட்டார். 1998-ல் தென் தீவின் நைய் தாஹு மக்களுக்கு அதே 17 கோடி. அதை அவர்கள் சுற்றுலா, மீன்பிடி, வீட்டுமனை என்று முதலீடு செய்து இன்று நூறு கோடி டாலருக்கு மேல் சொத்து வைத்திருக்கிறார்கள்.

இந்தத் தீர்வு எப்படி இயங்குகிறது என்று பார்த்தால் அதன் சூட்சுமம் புரியும். ஒவ்வொரு தீர்விலும் என்ன நடந்தது என்ற வரலாறு இருக்கும். அதை அரசும் அந்த மக்களும் வரிக்கு வரி பேசி ஒப்புக்கொண்டு எழுதுவார்கள். அதன்பின் மன்னிப்பு, பணமும் நிலமும், மலை, ஆறு, பெயர்கள் போன்ற பண்பாட்டு உரிமைகள். எல்லாம் ஒரே ஆவணத்தில் கட்டப்பட்டு நாடாளுமன்றச் சட்டமாகிறது. முதலில் கையெழுத்திட்ட இரண்டு மக்களும் கெட்டிக்காரத்தனமாக ஒரு ஷரத்தைச் சேர்த்தார்கள்: பின்னால் மற்றவர்களுக்குக் கொடுக்கும் மொத்தத் தொகை நூறு கோடியைத் தாண்டினால், தங்கள் பங்கு குறையாமல் கூடுதல் பணம் தர வேண்டும். தாண்டியது. கூடுதல் பணமும் வந்தது, எந்தக் கட்சி ஆண்டாலும்.

2024-ல் ஆளும் கூட்டணியிலுள்ள ஆக்ட் கட்சியின் தலைவர் டேவிட் சீமோர் வைத்தாங்கி உடன்படிக்கையின் கோட்பாடுகளையே மறுவரையறை செய்ய மசோதா கொண்டுவந்தார். இளம் உறுப்பினர் ஹானா-ரவிட்டி மைப்பி-கிளார்க் அவையிலேயே நகலைக் கிழித்து மாவோரிகளின் ஹாக்கா நடனம் ஆடியதை நம்மில் பலர் போனில் பார்த்திருப்போம். வெலிங்டனில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் திரண்டார்கள். 2025 ஏப்ரலில் 112-க்கு 11 என்று மசோதா மண்ணைக் கவ்வியது. அந்தக் கொந்தளிப்பு நடந்த அதே காலத்தில் சுகாதார ஆணையம் போனது, தீர்வுச் சட்டங்களை யாரும் தொடவில்லை. என் அளவுகோலுக்கு இதைவிடத் தெளிவான பரிசோதனை கிடையாது.

குறையும் உண்டு. கிடைத்தது இழந்ததில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் என்பது பரவலான கணக்கு. மேலும் 'முழுமையான, இறுதியான' தீர்வு என்று கையெழுத்து வாங்கிவிடுவார்கள். பேரப்பிள்ளைகள் திரும்பக் கேட்க முடியாது.

ஆஸ்திரேலியாவிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது, பெயர்தான் வேறு. மேற்கு ஆஸ்திரேலியாவின் நூங்கார் மக்கள் பெர்த் நகரமே தங்கள் மண் என்று வழக்குப் போட்டார்கள். 2006-ல் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி ஒருவர் ஆமாம் என்றார். மாநில அரசு மேல்முறையீடு செய்தது, தீர்ப்பு கவிழ்ந்தது. இருபது ஆண்டு கோர்ட்டில் அலைவதைவிடப் பேசி முடிக்கலாம் என்று லிபரல் கட்சி முதல்வர் கோலின் பார்னெட் அரசு பேச்சுவார்த்தையில் இறங்கியது. விளைவு, ஆறு ஒப்பந்தங்கள் சேர்ந்த 130 கோடி டாலர் தீர்வு. சுமார் 30,000 நூங்கார்களுக்காக ஒரு அறக்கட்டளை, அதற்கு ஆண்டுக்கு 5 கோடி டாலர் வீதம் 12 ஆண்டு, 3,20,000 ஹெக்டேர் வரை நிலம். நூங்கார்களே இந்த மண்ணின் பாரம்பரிய உரிமையாளர்கள் என்று 2016-ல் தனிச் சட்டமும் வந்தது. பார்னெட் 2017-ல் தோற்றார். அடுத்து வந்த லேபர் முதல்வர் மார்க் மெகோவன் அதைத் தொடர்ந்தார். 2021 பிப்ரவரியில் தீர்வு நடைமுறைக்கு வந்தது. அரசியலமைப்பு அறிஞர்கள் இதையே ஆஸ்திரேலியாவின் முதல் உடன்படிக்கை என்கிறார்கள். அரசு அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. அதனாலேயே யாரும் பயந்து பிரசாரம் செய்யவும் இல்லை.

இதற்குக் கொடுத்த விலை சின்னதல்ல. பூர்வீக நில உரிமையை நூங்கார்கள் நிரந்தரமாக விட்டுக்கொடுத்தார்கள். சிலர் கையெழுத்திட மறுத்து நீதிமன்றம் போய், 2017-ல் ஜெயிக்கவும் செய்தார்கள். எல்லாப் பிரதிநிதிகளும் கையெழுத்திட்டால்தான் செல்லும் என்றது தீர்ப்பு. உடனே மத்திய நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. நல்லிணக்கம் என்று பேசிக்கொண்டே செய்த அராஜகம் இது. பேரம் நல்லதாக இருந்தாலும், மறுத்தவர்களை இப்படி ஓரங்கட்டியது நியாயமில்லை.

விக்டோரியா இன்னொரு தினுசு. 2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் குடிகள் பேரவையோடு பேசி, 2025 நவம்பர் 13 அன்று மாநில அரசு உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. அந்தப் பெயரிலேயே, பட்டவர்த்தனமாக. கெல்லுங் வார்ல் என்ற நிரந்தர அமைப்பு வருகிறது. அது அமைச்சர்களைக் கேள்வி கேட்கலாம், மசோதாக்கள் மீது கருத்துச் சொல்லலாம், ஆனால் தடுக்க முடியாது. மதிப்புக்குரிய சாதனைதான். ஆனால் என் அளவுகோலை வைத்தால் பலவீனம் தெரிகிறது. நிலமோ முதலீட்டுப் பணமோ இதில் பெரிதாகக் கைமாறவில்லை. அவை வட்டார உடன்படிக்கைகளுக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கின்றன. 2022-ல் இந்தப் பாதைக்கு ஆதரவாக வாக்களித்த எதிர்க்கட்சிக் கூட்டணி 2024 ஜனவரியில் பின்வாங்கி, பிறகு ஆட்சிக்கு வந்தால் நூறு நாளில் சட்டத்தை ரத்து செய்வோம் என்று அறிவித்தது. குயின்ஸ்லாந்தில் பார்த்த அதே வரிசை.

என் தேர்வு

மத்திய அரசுக்கு நான் சொல்வேன்: நூங்கார் பாணித் தீர்வுகளை மக்கள்வாரியாக, வட்டாரவாரியாகப் பேசு, பூர்வீக உரிமையை விட்டுக்கொடுக்கும் நிபந்தனை மட்டும் வேண்டாம். வரலாற்றை நியூசிலாந்து மாதிரி ஆவணத்துக்குள்ளேயே எழுது. உண்மை விசாரணைக்கு வேர் அங்கே கிடைக்கும். நிலத்தையும் பணத்தையும் அவர்கள் பெயரில் மாற்று. இவையெல்லாம் மெதுவானவை, தலைப்புச் செய்தி ஆகாதவை. 2024-ல் அல்பனீசி உண்மை ஆணையப் பேச்சிலிருந்து நழுவி, பொருளாதாரப் பங்காளித்துவம் என்று பேச ஆரம்பித்தார். பலர் அதைக் கோழைத்தனம் என்றார்கள். பொருளாதாரம் என்ற சொல் நிலவுரிமையைக் குறிக்குமானால் எனக்கு ஆட்சேபம் இல்லை. மானியத் திட்டங்களைக் குறிக்குமானால் அடுத்த பட்ஜெட்டில் அது காணாமல் போய்விடும்.

தலைமை என்ற விஷயத்தில் எனக்குக் கனடாவின் மானிடோபா மாகாண உதாரணம் முக்கியமாகப்படுகிறது. கொலையான பூர்வகுடிப் பெண்களின் உடல்கள் வினிபெக் அருகே குப்பைக் கிடங்கில் கிடப்பதாகத் தெரிந்தும், ஆளும் கட்சி தேடலை மறுத்தது. 2023 தேர்தலில், தோண்ட மாட்டோம் என்பதையே பெருமையாக விளம்பரப் பலகைகளில் போட்டது. வாக்குக் கிடைக்கும் என்ற கணக்கு. தோற்றது. வாப் கினூ, முதல் குடிகளிலிருந்து வந்த முதல் மாகாண முதல்வராகப் பதவியேற்று, மத்திய அரசோடு சேர்ந்து 4 கோடி டாலர் ஒதுக்கித் தேடவைத்தார். 2025 தொடக்கத்தில் இரண்டு பெண்களின் எச்சங்கள் கிடைத்தன. மறுத்த கட்சியின் இடைக்காலத் தலைவர் சட்டமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். இப்போது அங்கே எந்தக் கட்சியும் அந்தப் பழைய விளம்பரத்தைத் திரும்ப ஒட்டத் துணியாது.

விக்டோரியாவில் வாக்குள்ள நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. நமது பொங்கல் விழா மேடைகளில் இந்த மண்ணின் மூத்த குடிகளுக்கு மரியாதை என்று ஒரு வரி வாசித்துவிட்டுத்தான் தொடங்குகிறோம். அதே மேடைக்கு இரண்டு கட்சி வேட்பாளர்களும் சால்வை போர்த்திக்கொள்ள வருவார்கள். ரத்து செய்வோம் என்ற கட்சியின் வேட்பாளரிடம், ரத்து செய்தபின் அந்த இடத்தில் எதை வைப்பீர்கள், நூங்கார்களோடு உங்கள் கட்சியே மேற்கில் பேசி முடித்ததைப் போல இங்கே பேசுவீர்களா என்று கேளுங்கள். ஆளும் கட்சி வேட்பாளரிடம், வட்டார உடன்படிக்கைகளில் எவ்வளவு நிலம், எந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள்.